கூட்டிப்போட்ட பன்னிரண்டு கிலோ

கடையில் எல்லோரும் அவரைக் குச்சியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டண ரசீதில் மாதம் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போகும். ஆள் அவ்வளவு ஒல்லி. ஆணியில் சட்டை தொங்குகிறதா, சட்டைக்குள் ஆள் நிற்கிறாரா என்று இரண்டாம் முறை பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். என்ன எடை என்று யாராவது கேட்டால் ஐம்பத்து நாலு என்று கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமலே சொல்லிவிடுவார். தன் எடையைச் சொல்லும்போது ஒரு மனிதனுக்குத் தொண்டை அடைக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியாது. இந்தக் கதை நடந்ததற்கு அந்தத் தெரியாமையும் ஒரு காரணம்.

கடை அவருடைய மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. கல்லிலும் வேரிலும் ஏறி இறங்கும் மலைச் சைக்கிள்களை விற்பதும் பழுது பார்ப்பதும் தொழில். ஊரை ஒட்டி ஒரு மலை இருந்தது. மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் பாதைகள் அதில் இருந்ததால் கடைக்கு ஆள் வரத்துக்குக் குறைவில்லை. குச்சியண்ணனின் மேசை கடையின் பின்கோடியில். அவர் கை வைப்பது ஃபோர்க்கில் மட்டும். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கல் வந்தால் அமுங்கி, கல் போனதும் எழும்பி, அடி முழுவதையும் தான் வாங்கிக்கொள்ளும் உறுப்பு அது. அதற்கு முன் மோட்டார் பைக் பட்டறையில் இருந்தவர். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தூக்கிப்போட்ட ஃபோர்க்குகளைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். முதல் ஃபோர்க்கைத் திறந்தபோது எண்ணெய் முகத்தில் பீய்ச்சி அடித்தது. இரண்டாவதைத் திறந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிந்திருந்தது. படிப்பு அப்படித்தான் நடந்தது.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. ஃபோர்க் வாங்க வருபவரிடம் எடை கேட்பார்கள். சொன்ன எடையோடு கொஞ்சம் கூட்டிக்கொள்வார்கள். சும்மா வந்த பழக்கமில்லை. முன்பொருமுறை ஒருவர் எண்பது என்றார், அதை நம்பி எண்பதுக்கு ஏற்ற ஃபோர்க்கைக் கொடுத்தார்கள். மலை இறங்கும்போது அது அடிவரைக்கும் அமுங்கி மோதி, மனிதர் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தபோது தொண்ணூற்று ஆறு. அன்றிலிருந்து மச்சான் கணக்குப் போட்டுவிட்டார். ஆம்பிளை சொன்னால் எட்டு கூட்டு, பொம்பிளை சொன்னால் ஐந்து கூட்டு, நூறைத் தாண்டியவர் சொன்னால் பன்னிரண்டு கூட்டு. பை, ஷூ, தண்ணீர், பொய் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும் என்பார்.

கூட்டுவதோடு அவர்கள் நிறுத்தியதில்லை. ஃபோர்க்கை மாட்டிய பிறகு வாங்கியவரைச் சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பார்கள். ஃபோர்க் மொத்தம் அமுங்கக்கூடிய தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. கூடினாலும் குறைந்தாலும் ஸ்பிரிங்கை மாற்று. கூட்டிப்போட்ட கணக்கு தப்பினாலும் அந்த அளவு காப்பாற்றிவிடும். கடை வாசலில், காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரேதான் அது நடக்கும். அங்கேதான் தரை மட்டமாக இருந்தது.

தையல்காரர் வந்தது ஒரு சனிக்கிழமை. சந்தைக்குப் போகும் வழியில் மாடியில் கடை வைத்திருப்பவர். நல்ல உயரம், நல்ல அகலம். கதவைத் திறந்தபோது வாசல் வெளிச்சம் ஒரு கணம் நின்று வந்தது. நாளெல்லாம் நின்று துணி வெட்டுவதால் முழங்கால் போய்விட்டது, நடந்தால் வலிக்கிறது, சைக்கிள் மிதித்தால் வலிப்பதில்லை என்றார். வெட்டும் மேசையிலிருந்து பார்த்தால் ஜன்னலில் மலை தெரியுமாம். பார்த்துக்கொண்டே எத்தனை வருஷம் வெட்டுவது என்று ஒரு பழைய சைக்கிளை வாங்கிவிட்டார். அதில் இருந்த ஃபோர்க் அவர் ஏறியதுமே பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடுகிறது. அதைச் சொல்லும்போது அவரே முதலில் சிரித்தார், மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் முந்திக்கொள்பவர் மாதிரி.

குச்சியண்ணனுக்குப் பிடித்துப்போயிற்று. நான்கு ஃபோர்க்குகளை மேசையில் வரிசையாகக் கிடத்தி விளக்கினார். ஃபோர்க்கின் இரண்டு குழாய்க் கால்களும் மெல்லியதாக இருப்பதைத் தொடவே வேண்டாம், பாரமான ஆள் பிரேக் பிடித்தால் பின்னால் வளையும், திருப்பினால் சக்கரம் ஒரு பக்கமும் கைப்பிடி ஒரு பக்கமும் போகும். கால் தடித்ததும் அச்சு தடித்ததும்தான் வேண்டும். காற்று அடிக்கும் வகை இலேசானது, ஆனால் இந்த எடைக்கு நிறையக் காற்று ஏற்ற வேண்டும், வாரா வாரம் பம்பும் கையுமாக நிற்க வேண்டும். இரும்பு ஸ்பிரிங் வகை கனம், ஆனால் போட்டால் போட்டபடி கிடக்கும். தையல்காரர் ஒவ்வொரு காலையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தார், துணியின் கனம் பார்ப்பது போல. தடித்த கால், இரும்பு ஸ்பிரிங் என்று முடிவானது. அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

பிறகு குச்சியண்ணன் எடையைக் கேட்டார். தையல்காரர் பெஞ்சுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நூத்திப் பதினெட்டு. ஷூ, பை, தண்ணி, எல்லாம் சேர்த்து. காலைல நிறுத்துட்டுத்தான் வந்தேன்."

அந்த ஃபோர்க்குக்கு வரும் ஸ்பிரிங்குகளில் நூற்றிருபது வரைக்கும் சிவப்பு. அதற்கு மேல் கறுப்பு, ரொம்ப விறைப்பானது. குச்சியண்ணனின் கை சிவப்புக்குப் போகவில்லை. எல்லோரும் இப்படித்தான் அடித்துச் சொல்வார்கள் என்று நினைத்தார். நூற்று முப்பது என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டு கறுப்பை எடுத்தார்.

மாட்டி முடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் அவர்களைப் பார்த்தார், பிறகு சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். குச்சியண்ணன் அதைக் கவனித்தார். பாவம், இத்தனை பேர் முன்னால் மனிதரை ஏற்றி உட்கார வைத்து அளப்பானேன் என்று தோன்றியது. அளவெல்லாம் வேண்டாம் சார், எனக்குப் பார்த்தாலே தெரியும், எடுத்துக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார். ஒருவரின் மானத்தைக் காப்பாற்றிய நிறைவோடு அன்று இன்னொரு டீ குடித்தார்.

மழைக்காலம் வந்து போனது. தையல்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வலது மணிக்கட்டில் பட்டை சுற்றியிருந்தது. இதை விற்றுக் கொடுங்கள் என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ஃபோர்க் நன்றாகத்தான் இருக்கிறது, தனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்றார். இறங்கும்போது கை இரண்டும் மரத்துப்போகும். பழகிவிடும் என்று விடாமல் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் கல் நிறைந்த வளைவில் முன்சக்கரம் பந்து மாதிரி துள்ளி, ஆள் சாய்ந்து, கையை ஊன்றிவிட்டார். கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் ஒரு மாதம் மனைவிதான் துணி வெட்டினாள். அவள் கையெடுத்துக் கும்பிட்டு, போதும் என்று சொல்லிவிட்டாளாம்.

"இவ்வளவு நல்ல சாமானே என்னைத் தாங்கலைன்னா, அப்புறம் எது தாங்கும்? மலை அங்கயே இருக்கட்டும். நான் ஜன்னல்ல பாத்துக்கறேன்."

குச்சியண்ணன் சைக்கிளைப் பின்னால் கொண்டுபோய் ஸ்டாண்டில் ஏற்றினார். ஃபோர்க்கின் காலில் சேறு காய்ந்து ஒரு கோடு போட்டிருந்தது. ஃபோர்க் ஓடும்போது சேற்றைத் துடைத்துக்கொண்டே ஓடும். எதுவரைக்கும் துடைத்திருக்கிறதோ அதுவரைக்கும்தான் அது அமுங்கியிருக்கிறது. விழுந்த அன்றும் சேர்த்து, இத்தனை நாள் மலையில் ஓடியும், மூன்றில் ஒரு பங்கைக்கூட அது தாண்டவில்லை. மீதி முழுவதும் சேறு படிந்து காய்ந்துபோய், தொடாமல் கிடந்தது. இவர் மலையிறங்கியது ஃபோர்க்கில் இல்லை, இரும்புக் கம்பத்தில்.

அவருக்குக் காது மடல் சுட்டது. அந்த ஆள் சொன்னது உண்மை. நூற்றுப் பதினெட்டு என்றால் நூற்றுப் பதினெட்டேதான்.

மச்சான் எட்டிப் பார்த்தார். விஷயத்தை நாலு வார்த்தையில் கேட்டுக்கொண்டார். சிவப்பைப் போட்டு அனுப்பு, ஸ்பிரிங் கோளாறு, கம்பெனி தப்பு என்று சொல்லிவிடு என்றார். கம்பெனிக்காரன் என்ன, வந்து கேட்கவா போகிறான்.

குச்சியண்ணன் சிவப்பைப் போட்டார். வெளியே வந்து தையல்காரரிடம், ஸ்பிரிங் கோளாறு சார், கம்பெனியிலேயே தப்பாக வந்திருக்கிறது, விற்காதீர்கள், ஒருமுறை மலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று சொன்னார். வாய் தானாகவே பேசியது. தையல்காரர் மணிக்கட்டுப் பட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"அப்ப, என் உடம்பால இல்லையா?"

"உங்க உடம்பால இல்ல சார்."

சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். அதைக் கேட்டதும் அந்த அகலமான முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் குச்சியண்ணன் கையைத் துடைக்கத் துணி தேடினார். துணி கையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு தையல்காரரை நிறுத்த முடியவில்லை. ஃபோர்க் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று சொல்ல வந்தார். கையில் மரப்பு இல்லை என்று சொல்ல வந்தார். பெஞ்சில் இருப்பவர்களிடம், கம்பெனி பண்ணின அயோக்கியத்தனத்தை இந்த அண்ணன்தான் கண்டுபிடித்தார், இல்லையென்றால் நான் இந்நேரம் மலையைத் தலைமுழுகியிருப்பேன் என்றார். குச்சியண்ணன் பெரிய சுத்தியலை எடுத்து, தட்டத் தேவையில்லாத ஒன்றைத் தட்டிக்கொண்டிருப்பார். உங்களுக்கு ஒரு சட்டை தைத்துத் தருகிறேன், அளவு கொடுக்க வாருங்கள் என்று தையல்காரர் கூப்பிடாத நாளில்லை. வேலை, வேலை என்று தட்டிக்கழித்தார். நீங்க போட்டிருக்கறது சட்டையா மெக்கானிக்கண்ணே, கொசுவலைதானே என்று பெஞ்சே சிரிக்கும்படி சொன்னார் தையல்காரர்.

வீட்டில் குச்சியண்ணனுக்குத் தட்டில் போட்டது தட்டிலேயே இருந்தது. மனைவி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். முழுவதையும் சொன்னார், மச்சான் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து. அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"அண்ணனைச் சொல்லாதீங்க. அண்ணன் சொன்னா, உங்களுக்கு வாயில்லையா? சரி, இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நானா தையல்காரர்?"

அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லி ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

அப்போதும் அவர் போகவில்லை. இன்று, நாளை என்று நாள் போனது. நடந்தது நடந்துவிட்டது, கை சரியாகிவிட்டது, ஃபோர்க் ஓடுகிறது, இனிமேல் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினார். வக்கீல் ஒவ்வொரு நாளும் ஜெயித்தார். குச்சியண்ணனுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பிறகு ஒருநாள் பேக்கரிக்காரர் வந்தார். தையல்காரரின் சிநேகிதர், அவரைவிடக் கனம். தையல்காரர் காட்டிய ஆசையில் அவரும் ஒரு சைக்கிள் பிடித்திருந்தார். குச்சியண்ணன் எடை கேட்பதற்கு முன்பே அவர் மேசைக்கு மேல் குனிந்தார்.

"உங்ககிட்ட நிஜத்தைச் சொல்லலாம், சிரிக்க மாட்டீங்கன்னு அவன் சொன்னான். நூத்திப் பத்தொம்பது. வீட்ல கூடத் தெரியாது."

குச்சியண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கை ஸ்பிரிங் பெட்டிக்குப் போய்க் கறுப்பின் மேல் நின்றிருந்தது. இத்தனைக்குப் பிறகும், கூட்டு என்று யாரும் சொல்லாமலே, கை தன்பாட்டில் கூட்டிவிட்டிருந்தது. அந்தக் கையை அவர் வேறு யாருடையதோ போலப் பார்த்தார். பேக்கரிக்காரரைப் பின்பக்கச் சந்துக்குக் கூட்டிப்போய், தரை சரிவாக இருந்த இடத்தில் பலகை போட்டு மட்டப்படுத்தி, ஏற்றி உட்கார வைத்து அளந்தார். சிவப்புதான் சரியாக வந்தது. இவரும் நிஜம் சொன்னவர்தான். அன்று சாயங்காலம் கடையிலிருந்து நேராக மாடிக்குப் போனார்.

தையல் கடை ஒரே அறை. இரண்டு மெஷின், நீண்ட வெட்டுமேசை, மேசைக்கு நேரே ஜன்னல். மனைவி ஓரத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, கடைசியில் கொசுவலையைக் கழற்ற வந்துவிட்டாரே என்று டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று குச்சியண்ணன் ஆரம்பிப்பதற்குள் அவர் கைகளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டார். சொல்லுங்கள், காது சும்மாதான் இருக்கிறது என்றார்.

இப்படித்தான் அவர் சொல்ல நேர்ந்தது, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, மார்பைச் சுற்றி டேப் இருக்க. ஸ்பிரிங்கில் கோளாறு இல்லை என்றார். கம்பெனியில் தப்பில்லை என்றார். பொய் சொல்வீர்கள் என்று நினைத்து, சொன்னதற்கு மேல் கூட்டிவிட்டேன் என்றார். உட்கார வைத்து அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், பெஞ்சில் ஆள் இருந்ததால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன் என்றார். கடைசியில் சொன்னது சாக்கு மாதிரி இருந்தது. அவர் காதிலேயே அது அசிங்கமாக விழுந்தது.

காஜா எடுக்கும் கை நின்றிருந்தது. டேப் அவிழவில்லை.

"எவ்வளவு கூட்டுனீங்க?"

"பன்னெண்டு."

தையல்காரர் டேப்பின் எண்ணைப் பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணை மனதில் போட்டுக்கொள்வது போல. பிறகு தோளுக்கு வந்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் டேப்பை ஓட்டினார். விரல்கள் இலேசாகவே பட்டன. பேசும்போது குரலில் கோபம் இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

"அன்னைக்குக் காலைல அந்த எடை மெஷின்ல ஏறி நின்னேன் பாருங்க. அதுக்கு முன்னாடி ஏறி வருஷம் எத்தனையோ ஆச்சு. கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். அந்த நம்பரை இவகிட்டக்கூட நான் சொன்னதில்ல. உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன்."

அவர் மனைவி தலையைக் குனிந்து ஊசியைப் பார்த்தாள். தையல்காரர் டேப்பைக் காலருக்குக் கொண்டுபோனார்.

"இங்க வர்றவங்களும் இடுப்பைக் குறைச்சுத்தான் சொல்லுவாங்க, அண்ணே. நாங்க கேக்கறதே இல்ல. டேப்பை வச்சிருவோம்."

குச்சியண்ணனுக்குக் கை வலித்தது. இறக்கலாமா என்று தெரியவில்லை. யாரும் இறக்கச் சொல்லவில்லை. சட்டை வேண்டாம், மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். தையல்காரர் காலர் அளவை எடுத்து முடித்தார்.

"அளவு எடுத்தாச்சு. எடுத்தா தச்சுத்தான் ஆகணும்."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குச்சியண்ணன் படியிறங்கும்போது மேலே மெஷின் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் என்ன இருக்கிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் மச்சானிடம் சொன்னார். ஊரில் இருக்கிற வம்பையெல்லாம் மாடிப்படி ஏறிப் போய் வாங்கி வருகிற மாப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் மச்சான். இனிமேல் தன் மேசைக்கு வருபவருக்குக் கூட்டல் கிடையாது என்று குச்சியண்ணன் சொன்னபோது, எவனாவது எலும்பை முறித்துக்கொண்டு வந்தால் நீங்களே பதில் சொல்லுங்கள் என்றார். வருபவர் எல்லோரையும் அளப்பேன், யாரையும் விடமாட்டேன் என்றார் இவர். மச்சான் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தையல்காரர் அதற்குப் பிறகு வரவில்லை. பேக்கரிக்காரரும் வரவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் குச்சியண்ணன் நிமிர்ந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, வராதது நல்லது என்று நினைப்பார். நினைத்ததற்காக இன்னொரு முறை கூசிப்போவார்.

வந்தது ஒரு சனிக்கிழமை, பெஞ்சில் இடமில்லாமல் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்த நேரம். தையல்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நேராக வாசலின் மட்டத் தரைக்கு வந்தார். தோளில் பை, தண்ணீர், காலில் ஷூ, எல்லாம் போட்டிருந்தார். பின்பக்கம் போகலாம் சார் என்று குச்சியண்ணன் ஓடிவந்தார்.

"எல்லாருக்கும் எங்க அளப்பீங்க?"

"இங்கதான்."

"அப்ப இங்கயே அளங்க."

மச்சான் வந்து பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். தையல்காரர் ஏறி, உடம்பை நிலைப்படுத்தி, பெஞ்சுப் பக்கம் பார்க்காமல், ஆனால் பெஞ்சுக்குக் கேட்கும்படி, நூற்றிருபது என்றார். போன தடவையைவிட இரண்டு கூடியிருக்கிறது என்றும் சொன்னார். நின்றுகொண்டிருந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். தையல்காரரின் பிடரி சிவந்தது. இறங்கவில்லை.

குச்சியண்ணன் மண்டியிட்டார். ஃபோர்க்கின் காலில் இருந்த ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளி, மெதுவாக இறங்கச் சொன்னார். ஃபோர்க் மூச்சுவிட்டு எழும்பியது, எவ்வளவு அமுங்கியது என்பதற்கு அடையாளமாக வளையம் மேலே தங்கிவிட்டது. ஸ்கேலை வைத்தார். முதல்முறை ஸ்கேல் வழுக்கிவிட்டது. இரண்டாம் முறை வைத்துப் பார்த்தார். ஐந்தில் ஒரு பங்கு, அச்சாக. சரியாக இருக்கிறது சார் என்றார்.

தையல்காரர் கையை நீட்டினார்.

"ஸ்கேலைக் குடுங்க. நானே பாத்துக்கறேன்."

குச்சியண்ணன் கொடுத்தார். தையல்காரர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வலிக்கும் முழங்காலை மெல்ல மடக்கி, அவருக்குப் பக்கத்திலேயே தரையில் இறங்கினார். ஸ்கேலைக் காலோடு ஒட்டி வைத்து, வளையத்துக்கு நேரே கண்ணைக் கொண்டுபோய், அவசரப்படாமல் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் குச்சியண்ணன் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

"நீங்க சொன்னது சரிதான்," என்றார் தையல்காரர்.

ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுந்து, மலைப் பக்கமாக மிதித்துப் போனார்.